நா அடங்கியவனுக்காகப் பேசுவது யார்?

இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயலவேண்டாம் என்று நோயாளியே உரைத்துவிட்டால் சிக்கலில்லை. நினைவிழந்து கிடப்பவனுக்காக அதை உரைக்கும் உரிமை எவருக்கு? மகனுக்கா? மருத்துவருக்கா? "எல்லாம் தலையெழுத்து" எனக் கைவிரிப்போருக்கா?

பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா சான்பாக், 1973-இல் கொடியவனொருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு மேல் படுக்கையே வாழ்வு! அவரை விடுவிக்கக் கோரினார் எழுத்தாளர் பிங்கி விரானி. 2011-இல் உச்சநீதிமன்றம் மறுத்தது. பேணிவந்த மருத்துவமனையினரே அவருக்காகப் பேசத்தக்க நண்பர் என்றது. அவர்தம் பரிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் தோழர்களே, அருணா எதை விரும்பியிருப்பார்? அதை அறியச் சான்றேதும் இல்லை. 2015-இல் அவர் மறைந்தார்.

சான்று வைக்கும் வழியை 2018-இல் அதே மன்றம் திறந்தது: செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாமென முன்னரே எழுதிவைக்கலாம். நீதித்துறை நடுவரின் ஒப்பமும் வேண்டும் என்ற தளை 2023-இல் தளர்ந்தது. இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவுபெற்ற அதிகாரியும் போதும். எழுதாதவருக்கோ, உறவினர் இசைவும் இரு மருத்துவக் குழுக்களின் முடிவும் தேவை.

எழுதுவோர் எத்தனை பேர்? எங்கள் வைத்திக்குப்பக் கடற்கரையில் மாசிமகத்தன்று சாமிகளை நீராட்டக் கூட்டம் அலைமோதும். சாவைப்பற்றி வாய் திறந்தாலோ, அபசகுனமாம்! எனவே நள்ளிரவில் மகனிடம், "என்ன செய்யலாம்?" என்கிறார் மருத்துவர். கடன் ஒருபுறம், ஊர்ப்பழி மறுபுறம். தன் விருப்பத்தையல்ல, தந்தையின் விருப்பத்தையே அவன் சொல்லவேண்டும். அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லையே!