புதுமையின் விலை

ஒரு பொருளைப் ‘புதியது’ என்று எதனால் சொல்கிறோம்? கடையிலிருந்து வீட்டிற்கு வந்த பித்தளைக் குடம் புதியது. ஒருமுறை கிணற்றில் நீர் முகந்துவிட்டால் அது வீட்டுக் குடமாகிவிடுகிறது. வடிவில் மாற்றம் இல்லை. கொள்ளும் நீரின் அளவிலும் குறைவு இல்லை. ஆயினும் மறுநாள் அதனை அதே விலைக்கு வாங்க எவரும் முன்வாரார். ஆகவே, புதுமை என்பது பொருளில் உள்ள குணமா, அன்றிக் காண்பவர் மனத்தில் உள்ள எண்ணமா என்னும் வினா எழுகின்றது. குடத்தின் அளவில் இவ்வினா சிறியது. பல இலட்ச ரூபாய் மதிப்புள்ள கார் என்று வரும்போது அதுவே பெரிதாகிவிடுகின்றது. அண்மையில் என் குடும்பத்தில் ஒரு கார் வாங்கியபோது நான் செய்த பிழை ஒன்று, இதனை ஆழ்ந்து எண்ணும்படி செய்தது. அப்பிழையைப் பின்னர்க் கூறுவேன். முதலில் பொருளின் தன்மையைப் பார்ப்போம்.

கார் விற்கும் முகவர்கள், வாங்க வருவோர் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே சில கார்களைத் தனியே வைத்திருப்பர். இவற்றை ‘டெமோ கார்’ என்பர். விற்பனைக்கு நிற்கும் காரை எல்லோரும் ஓட்டிவிட்டால் அதனைப் புதிதென்று விற்க இயலாது. அந்தக் குறையை ஒரு கார் தன்மேல் ஏற்றுக்கொண்டு மற்றவற்றைக் காக்கின்றது எனலாம். சில மாதங்கள் சென்று, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், அல்லது அவ்வகையில் புதிய மாதிரி வந்தபின், இதனை விலை குறைத்து விற்றுவிடுவர்.

இக்கார் முழுதும் புதியதும் அன்று. ஒருவர் வீட்டில் இருந்து பழகிய பழைய காரும் அன்று. அதன் இரண்டுங்கெட்டான் நிலை அரசின் வரித்துறையையும் சிந்திக்க வைத்திருக்கின்றது. டெமோ காருக்கு முகவர் செலுத்திய சரக்கு மற்றும் சேவை வரியை அவருக்கு வரவாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழுந்தபோது, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2024 செப்டம்பர் 10ஆம் நாள் ஒரு சுற்றறிக்கையால் விடை கூறியது. இத்தகைய கார், அதனை ஒத்த பிற கார்களின் விற்பனையை வளர்ப்பதற்கே பயன்படுவதாதலின், வரவு கொள்ளலாம் என்பது அவ்விடையின் சாரம். தான் விற்பனையாவதற்கு முன் பிறவற்றை விற்பித்துக் கொடுப்பதே அதன் தொழில்.

இதில் வாங்குவோருக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. முகவரின் சொந்தப் பணிமனையிலேயே காலந்தவறாமல் பராமரிக்கப்பட்டிருக்கும் என எதிர்பார்க்கலாம். பலருக்கும் காட்டுவதற்கென வைத்ததாதலின் பெரும்பாலும் எல்லா வசதிகளும் அமைந்ததாக இருக்கும். விலையும் குறைவு. ஆயின், பல கைகள் பட்ட கார் அது. எஞ்சின் சூடேறும் முன்பே வேகத்தைச் சோதித்துப் பார்த்தவர் உண்டு. கிளட்சின் மேல் காலை எடுக்காமலே ஓட்டியவர் உண்டு. உத்தரவாதக் காலம் பெரும்பாலும் முதற்பதிவு நாளிலிருந்தே கழியத் தொடங்கியிருக்கும். முகவர் பெயரில் பதிவான கார் எனின், ஆர்.சி. புத்தகத்தில் நாம் இரண்டாம் உரிமையாளராகவே இடம்பெறுவோம். நிறத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை.

இனி, விலை ஏன் குறைகின்றது? நம் நாட்டு மோட்டார் காப்பீட்டில் ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதத்திற்கு மேற்படாத காருக்கு விலையில் 5 விழுக்காடும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை 15 விழுக்காடும், ஓராண்டு முதல் ஈராண்டு வரை 20 விழுக்காடும் கழித்து மதிப்பிடுவர். பத்து இலட்ச ரூபாய்க் கார் ஏழாம் மாதத்தில் எட்டரை இலட்சமாக எண்ணப்படுகின்றது. இத்தனைக்கும் சக்கரங்களில் தேய்வு சிறிது. எஞ்சினில் அதனினும் சிறிது. குறைந்த தொகை முழுதையும் இரும்பின் தேய்வாகக் கணக்கிட இயலாது. அதில் ஒரு பகுதி, ‘நாமே முதல்வர்’ என்னும் மனநிறைவுக்குரிய விலை.

மற்றொரு பகுதி ஐயத்தின் விலை. இதனை விளக்கியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். 1970இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் பெயர் ‘எலுமிச்சைகளின் சந்தை’ என்று பொருள்படும். நம் ஊரில் புதுக்காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பர். அந்நாட்டுப் பேச்சு வழக்கிலோ எலுமிச்சை என்றாலே குறையுள்ள கார். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் அஞ்சி, எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலையையே தருகின்றான். நல்ல காரை வைத்திருப்பவன் அவ்விலைக்கு மனமின்றி விலகுகின்றான். குறையுள்ள கார்களே சந்தையில் மிஞ்சுகின்றன. நாணயமற்ற ஒருவனால் நேரும் இழப்பு, ஏமாந்தவனின் பணத்தோடு முடிவதில்லை. நாணயமுள்ள வணிகரையும் அது சந்தையை விட்டே துரத்திவிடுகின்றது என்று அவர் காட்டினார். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த கட்டுரை அது. 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அதுவே அடிப்படையாயிற்று.

ஆதலின் டெமோ கார் வாணிகத்தில் முதல் அறம் விற்பவனுடையது. உள்ளதை உள்ளவாறு சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, டெமோ காரும் பழைய கார்களின் வரிசையிலேயே சேரும். அதற்குரிய அறிவிப்புத் தாளை வாங்குவோர் காணும்படி காரில் ஒட்டிவைத்தல் வேண்டும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பழைய பொருளைப் புதியதெனப் பொய்யாகக் காட்டுவதை முறையற்ற வாணிகம் என்கின்றது.

சட்டங்கள் இன்று சொல்வதை நம் ஆசாரியர்கள் என்றோ சொல்லிவிட்டனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார் விரதங்களுக்கு நேரும் வழுக்கள் கூறப்படுகின்றன. அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் கையாளுதல், போலிப் பொருளை நல்ல பொருளென்று விற்றல் என்னும் இரண்டும் அங்கே பொய்யாமையின் கீழ் வைக்கப்படவில்லை; கள்ளாமையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுமாறு கருவியைத் திருத்துபவன் பொய் சொல்பவன் மட்டும் அல்லன்; அளவையில் திருடுபவன். இந்த வைப்புமுறையின் நுட்பத்தை நான் நூலில் படித்து அறிந்திருந்தேன். வாழ்வில் அறிந்தது என் பிழையினால்.

இனி அதனைக் கூறுகிறேன். என் மகன் கார் வாங்க எண்ணினான். எனக்கும் என் மனைவிக்கும் மருத்துவரிடம் சென்றுவர ஒரு வண்டி இன்றியமையாததாகிவிட்டது. புதியதன் விலை எங்கள் கைக்கு மீறியதாக இருந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு முகவரிடம், ஏழு மாதம் ஆகிய டெமோ கார் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து சென்றோம். ஏமாற்றிவிடுவார்களோ என்னும் ஐயத்தோடு நான் பல வினாக்களைக் குறித்து எடுத்துச் சென்றிருந்தேன். அங்கிருந்த இளைஞரோ நான் கேட்பதற்கு முன்பே, “ஐயா, இடப்பக்கப் பின்கதவு ஒருமுறை சுவரில் உரசி, மறுபடியும் பெயிண்ட் அடித்திருக்கிறோம். தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்” என்று கூறிப் பணிமனைச் சீட்டையும் எடுத்துக் காட்டினார். உத்தரவாதத்தில் எஞ்சியுள்ள காலத்தையும் எழுதிக் கொடுத்தார். புதிய காரின் விலையினும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் குறைவாக அதனை வாங்கினோம்.

வீட்டிற்கு வந்த மறுநாள் என் அண்ணன் பார்க்க வந்தார். காரைச் சுற்றிவந்து, “புதுவண்டி நன்றாக இருக்கிறது தம்பி, என்ன விலை?” என்றார். “இந்த மாதந்தான் எடுத்தோம் அண்ணா” என்று கூறிப் புதிய காருக்குரிய விலையைச் சொன்னேன். ஏன் அவ்வாறு சொன்னேன்? மகனின் சம்பாத்தியம் குறைவென்று நினைப்பாரோ என்னும் கூச்சம்; வேறொரு காரணமும் இல்லை. முதற்சொல் மெய், இரண்டாவது பொய், இரண்டும் சேர்ந்து நாட்டியது ஒரு பொய்யை.

இரண்டு மாதம் சென்றபின், அண்ணன் தம் மகனுக்கு அதே வகைக் காரைக் கடன் பெற்றுப் புதிதாகவே வாங்கினார் என்று அறிந்தேன். மாதத் தவணை அவர்கள் வருவாய்க்கு மிகுதி என்பதும் தெரிந்தது. மனம் பொறாமல் ஒருநாள் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் சினந்தாரல்லர். சற்றுநேரம் பேசாதிருந்து, “எங்களுக்கும் டெமோ கார் ஒன்று சொன்னார்கள். உன் பிள்ளை புதிது வாங்கியிருக்க, என் பிள்ளைக்கு ஊரார் ஓட்டியதையா வாங்கிக் கொடுப்பது என்றுதான் வேண்டாம் என்றேன்” என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் நிற்கின்றது.

நான் ஐயுற்றுச் சென்ற வணிகர் உண்மை சொன்னார். உண்மையை எதிர்பார்த்துச் சென்ற நானோ பொய் சொன்னேன். அப்பொய்யால் நான் பெற்றது யாது? புதுமைக்குரிய தொகையை நான் கொடுக்கவில்லை. ஆனால் புதுமைக்குரிய மதிப்பை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். விலை கொடாமல் ஒன்றைப் பெறுதற்கு என்ன பெயர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். கள்ளாமையின் கீழ் ஆசாரியர் வைத்ததன் பொருள் அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று. அதற்குரிய தொகையை மாதந்தோறும் செலுத்துபவரோ என் அண்ணன்.

‘நாம் கொடுத்த விலையை ஊருக்கெல்லாம் சொல்லவேண்டுமா?’ என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாவே. சொல்லவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. விலையைச் சொல்லாது புன்னகையோடு விட்டிருந்தால் அதில் குற்றமில்லை. வாய் திறவாதிருப்பது வேறு. பிறர் மனத்தில் இல்லாததை நட்டு வளர்ப்பது வேறு. பிறர் நம் சொல்லைக் கொண்டே தம் செயலைத் தீர்மானிக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

‘அவ்வாறாயின் டெமோ கார் வாங்குவது ஓர் அறச்செயலோ?’ எனின், அதுவும் இல்லை. எவரேனும் புதியதை வாங்குவதால்தான் டெமோ கார் என ஒன்று உண்டாகின்றது. அவ்வாறு வாங்குவோரை வீண்செலவினர் என்று இகழ்தல் தகாது. மேலும், குறைந்த விலையைக் கண்டு, தேவைக்கு மேற்பட்ட பெரிய காரை வாங்கிவிடுவோர் உளர். அவர்கள் மிச்சம் பிடித்தது பணத்தையும் அன்று, ஆசையையும் அன்று. எது வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன்பின் புதியதா டெமோவா என்று எண்ணுவதே முறை.

வாங்குவோர்க்குச் சில கடமைகள் உண்டு. முதற்பதிவு நாளையும், பணிமனைச் சீட்டுகளையும், காப்பீட்டில் இழப்பீடு கோரிய விவரத்தையும், எஞ்சிய உத்தரவாதத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நம் பெயருக்கு மாற்றுதற்குரிய 29, 30ஆம் எண் படிவங்களை நிரப்பிக் காலத்தில் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் நாம் அதனை விற்கும்போது, நமக்குச் சொல்லப்பட்ட அனைத்தையும் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். அந்த இளைஞர் எனக்குக் காட்டிய பின்கதவைப் பற்றி, இக்காரை வாங்கப்போகும் ஒருவரிடம் நானும் ஒருநாள் சொல்லியாக வேண்டும். ஆகவே அப்பணிமனைச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது எவரேனும் “புதுவண்டியா?” என்று கேட்டால், “பலர் ஓட்டிப் பார்த்த வண்டி, ஒன்றரை இலட்சம் குறைவாகக் கிடைத்தது” என்கிறேன். சிலர் முகம் சுருங்குகின்றது. சிலர், “எங்கே கிடைக்கும்?” என்று முகவரி கேட்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் கடன்சுமை குறைந்தால், அண்ணனுக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியாவது தீரும்.