மடங்கும் மிதியும் சரணாகதியும்

வண்டியின் முகப்பில் பெருமாள் பெயரை எழுதிவைத்திருப்பவர், தரையில் தட்டினால் மடங்கிக்கொள்ளும் ஃபுட்ரெஸ்ட்டை வாங்கி மாட்டினால் அது நம்பிக்கைக் குறைவா? கேலிபோலத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் பழைய வைணவ வழக்கொன்று உட்கார்ந்திருக்கிறது. களக்காடு வட்டாரத்தில் புது வண்டிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி இறக்குவது வழக்கம். அதன்பிறகு வண்டியில் ஏதாவது குறை சொன்னால் ‘நம்பி பாத்துக்கிடுவார்’ என்ற பதில் வரும். திருக்குறுங்குடிப் பெருமாளான நம்பியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பதிலை அலட்சியம் என்று தள்ளிவிடக் கூடாது. அது ஒரு தத்துவ நிலை. தத்துவமாகவே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பொருளைப் பார்க்கலாம். நம் ஊரில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில், என்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் குழாய்தான் ஓட்டுபவரின் மிதி. அது அசையாது. வளைவில் வண்டியை அதிகம் சாய்த்தால் குழாயின் நுனி தார்ச்சாலையில் உரசும். அசையாத இரும்பு அங்கே நெம்புகோல்போல் வேலை செய்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடலாம். பிடிமானம் போய் வண்டி சறுக்கும். ஸ்பிரிங் வைத்த மிதி தரையில் பட்டதும் மேலும் பின்னுமாக மடங்கும், வண்டி நிமிர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். மாட்டுவது பெரிய வித்தையல்ல. தாங்கிக்குள் மிதியை நுழைத்து, ஸ்பிரிங்கின் ஒரு முனை தாங்கியிலும் மறுமுனை மிதியிலும் முட்டும்படி வைத்து, கிரீஸ் தடவிய பின்னைச் செருகி, வாஷர் போட்டு, ஸ்பிலிட் பின்னின் இரு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். ஸ்பிரிங்கைத் திருப்பி வைத்துவிட்டால் மடங்கிய மிதி திரும்பி வராது. முன்பக்கமாக மடங்கும்படி மாட்டினால் கால் சிக்கும். அதைவிட அசையாத குழாயே மேல். இந்த உறுப்பின் விசேஷம், ஓட்டுபவர் ஒருநாள் அளவு மீறிச் சாய்ப்பார் என்று அது முன்னதாகவே எண்ணிவைத்திருப்பதுதான். நம்பிக்கைவாதியை உறுத்துவதும் அதுவே. விழுவேன் என்று எதிர்பார்ப்பவன் எப்படிச் சரணடைந்தவன் ஆவான்?

இந்த வாதத்துக்குப் பின்னால் வலுவான மரபு உண்டு. சரணாகதிக்கு, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வைணவத்தின் ஒரு பிரிவினரான வடகலையார் உவமை சொன்னார்கள். தாய் கவ்விக்கொண்டுபோகும் பூனைக்குட்டியை மற்றொரு பிரிவினரான தென்கலையார் சொன்னார்கள். களக்காட்டுக்குப் பக்கத்திலேயே நாங்குநேரியில் தென்கலையாரின் வானமாமலை மடம் இருக்கிறது. பூனைக்குட்டி எதையும் பிடித்துக்கொள்வதில்லை. அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கொள்கையை வகுத்தவர்களுள் முதன்மையானவரான பிள்ளை லோகாசாரியார் வாழ்ந்த விதம் வேறு. 1323இல் டெல்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, அரங்கன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. மூலவருக்கு முன்னால் சுவர் எழுப்பப்பட்டது. முதிர்ந்த வயதில் அவர் உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டு, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். ‘அவனே உபாயம்’ என்று எழுதிய கை அவனையே ஒளித்துவைத்தது. இதில் முரண் இல்லை. பூனைக்குட்டி உவமை வீடுபேற்றைப் பற்றியது. அங்கே மனிதனின் முயற்சி வழியாகாது. சரணடைந்தபின் செய்யும் காரியங்களுக்கு அந்த மரபு வேறு பெயர் வைத்திருக்கிறது: கைங்கரியம். திருமேனியைத் தூக்கிச் சென்றது மோட்சத்துக்கு விலையல்ல, தொண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்காக ஒரு ஸ்பிலிட் பின்னை ஒழுங்காக மடக்குவதை அந்தக் கணக்கில் சேர்க்க எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு திருக்குறுங்குடியிலிருந்தே வருகிறது. கார்த்திகை மாதத்தில் கைசிக ஏகாதசி இரவில் அங்கே நாடகமாக நடிக்கப்படும் கதை நம்பாடுவானுடையது. பாணர் குலத்தவரான அவர் நம்பியைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு தின்னலாம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறார். திரும்பும் வழியில் நம்பியே கிழவர் வேடத்தில் வந்து, வேறு வழியாகத் தப்பிப் போ என்கிறார். நம்பாடுவான் மறுக்கிறார். கடவுளே காட்டிய பாதுகாப்பைப் பக்தர் ஒதுக்கியிருக்கிறாரே, மடங்கும் மிதியை நாம் ஒதுக்கினால் என்ன? கதையைக் கவனித்துக் கேட்டால் விடை அதிலேயே உண்டு. அவர் தப்ப மறுத்தது கொடுத்த வாக்குக்காக. பணயம் வைத்தது தன் உடலை மட்டும். தோளில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு ராட்சசனிடம் அவர் போகவில்லை. வண்டியிலோ பின்னால் ஒருத்தி சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். மிதியைப் பற்றியோ நம்பிக்கையைப் பற்றியோ யாரும் அவளைக் கேட்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123இல் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும், உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கின்றன. சட்டம் அவளை நினைத்துப் பார்த்திருக்கிறது. பக்தி நினைக்காமல் போவது விசித்திரம்.

தலையெழுத்து என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர் ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஒன்றை மட்டும் படிப்பது வசதி. பூஜையே வெறும் சடங்கு என்று சிரிக்கும் பகுத்தறிவாளரோடும் நான் முழுக்கச் சேரமாட்டேன். ஆயுத பூஜைக்கு முன்னால் கருவியைக் கழுவித் துடைக்க வேண்டும் என்பது வழக்கத்திலேயே இருக்கிறது. சேறு போன பிறகுதான் துருப்பிடித்த பின்னும் தளர்ந்த ஸ்பிரிங்கும் கண்ணில் படும். பார்த்தபின் அதன்மேல் சந்தனத்தை அப்பி மறைப்பதுதான் பிழை.

எதிர்பார்ப்புக்கு எல்லை எங்கே என்று இன்னும் கேட்கலாம். ஸ்பிரிங்கில் தொடங்கினால் வீட்டைவிட்டே கிளம்பாதிருப்பதில் போய் முடியாதா? முடியாது, பயத்தின் அளவு வேறு, பிறருக்கு வரும் ஆபத்தின் அளவு வேறு. பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திரியச் சொல்லவில்லை. தனியாக ஓட்டுகிறேன், என் உயிர் நம்பிக்கு என்று ஒருவர் சொன்னால் அவரை மதிக்கலாம், ஆனால் அவர் சொல்வது பாதிதான் உண்மை. நாங்குநேரிச் சாலை வளைவில் அவருடைய மிதி தரையில் குத்தி வண்டி சறுக்கினால், அது எதிரே வாழைத்தார் ஏற்றிவரும் வேன்காரரின் பாதையில்தான் போய் விழும்.