வளர்த்து வழியனுப்பும் தானம்



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாய். பௌர்ணமிக் கூட்டத்தில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். பெட்டிமுடியில் நிகழ்ந்ததைக் கேட்டபின் அவர்களே தீர்மானிக்கட்டும்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்து இராஜமலைப் பகுதியில், பெட்டிமுடித் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மீது மலை சரிந்து விழுந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்தோருள் எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தென்பாண்டிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க மலையேறிய தமிழ் மக்களின் வழிவந்தோர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியே எட்டுவதற்கே மறுநாட் காலையாயிற்று. சிலருடைய உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை.

அக்குடியிருப்பில் குவி என்றொரு நாய் இருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்று அதன் விளையாட்டுத் தோழி. ஒரு வாரம் தேடியும் குழந்தையைக் காணவில்லை. குவியோ பாலத்தருகே நின்று ஆற்றுநீரையே நோக்கிக்கொண்டிருந்தது. ஐயுற்று இறங்கிப் பார்த்தவர்கள், மரத்தில் சிக்கிக் கிடந்த அக்குழந்தையின் உடலைக் கண்டனர். அதன்பின் குவி இரை கொள்ளாமல் சோர்ந்து அலைந்தது.

இதுவரை நடந்ததைப் பத்திரிகைகள் யாவும் எழுதின. படித்தவர் கண்ணீர் சிந்தினர். நான் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்தது. போலீஸ் நாய்ப் பிரிவைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர், மேலதிகாரிகளின் அனுமதி பெற்றுக் குவியை அழைத்துச் சென்று, உணவூட்டித் தேற்றினார். சில மாதங்கள் அது அப்பிரிவின் பராமரிப்பில் இருந்தது. 2021-ஆம் ஆண்டில், உயிர் பிழைத்திருந்த குழந்தையின் பாட்டியிடமே அதனை ஒப்படைத்தார்கள். எடுத்தார், வளர்த்தார், கொடுத்தார். இம்மூன்றனுள் அரியது யாது?

எடுப்பதற்கு இரக்கம் போதும்; வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கொடுப்பதற்கோ நம்முடைய பற்றையே அறுத்தாக வேண்டும். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கனையும் விளக்கவந்த புத்தகோசர், விசுத்திமார்க்கத்தில் ஒரு நுட்பம் கூறுகிறார். ஒவ்வொரு குணத்துக்கும் அதனைப்போலவே தோன்றும் அண்டைப் பகை ஒன்று உண்டு. மைத்திரியின் அண்டைப் பகை பற்று. உபேட்சையின் அண்டைப் பகை அறியாமையால் வரும் அசட்டை. ‘இக்குட்டி எனக்கே வேண்டும்’ என்பதும், ‘யாரோ கேட்டார், தள்ளிவிட்டேன்’ என்பதும் ஆகிய இரண்டும் நம்மை ஏமாற்றுவன.

நானே ஏமாந்தவன். பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. ஒரு மழைக்காலத்தில் சாலையோரம் நனைந்து கிடந்த குட்டியை எடுத்துவந்தோம். அதை மடியில் வைத்தே வளர்த்தோம். ஒருநாழிகையும் தனித்திருக்க விட்டதில்லை. கழுத்துப்பட்டி கட்டிப் பழக்கியதில்லை. வீட்டில் ஆளுக்கொரு பெயரிட்டு அழைத்தோம். ஐந்தாம் மாதத்தில் ஒரு குடியானவர் கேட்டார், கொடுத்தோம். மூன்றாம் நாள் இரவு, தொழுவத்துத் தனிமைக்கு அஞ்சி அது ஓடிப்போயிற்று. இரண்டு நாள் வயல் வரப்பெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. அந்தக் குடியானவர்மீது குற்றமில்லை. எங்கள் அன்பில் குறையில்லை, ஆயத்தத்தில்தான் குறை என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆயத்தம் செய்யாத அன்பு, என் மடியின் சுகத்துக்காகவே இருந்தது.

ஆகவே அடுத்து வந்த குட்டிக்குச் செய்தவற்றைச் சொல்லுகிறேன். குட்டி எடுக்க நினைப்போர் கேட்டுக்கொள்க. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் பிரிக்கலாகாது. அனாதையாகக் கிடந்தால் மட்டுமே எடுக்கவேண்டும். மூன்று வாரம் முதல் ஏறக்குறைய பதினான்கு வாரம்வரை அது உலகத்தைக் கற்கும் பருவம். அப்பருவத்தில் காணாததற்கெல்லாம் பிற்காலத்தில் அஞ்சும். சைக்கிள் மணி, லாரி, மாடு, கைத்தடியூன்றிய கிழவர், ஓடும் சிறுவர் ஆகிய எல்லாவற்றையும் தொலைவிலிருந்து, அச்சமுறாவண்ணம் காட்டவேண்டும். குடை விரிவதைக் கண்டு நடுங்கும் நாய் கேரளத்தில் எங்ஙனம் பிழைக்கும்? பெயர் ஒன்றே இருத்தல் வேண்டும். அழைக்கும் சொல்லும் ஒன்றே. எல்லைப்புறத்தாராகிய நமக்கு ஒரு வசதி, ‘வா’ என்பது தமிழிலும் மலையாளத்திலும் ‘வா’தான்! குட்டி எவ்வீடு சென்றாலும் அச்சொல் விளங்கும். முதலில் சில நிமிடம், பிறகு அரைமணி, பிறகு அதிகமாக என்று தனிமைக்கும் அதைப் பழக்கவேண்டும். பிழை செய்தால் அடித்தல் கூடாது. அடித்தால் அஞ்சும், அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும்.

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும் மிருக வைத்தியரின் சொற்படி அமையவேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் வைத்தியர் குறிக்கும் காலந்தோறும் மறு ஊசி. உரிய வயதில் கருத்தடை. இவை புதிய நாகரிகம் என்று எண்ணாதீர். மனிதர்க்கும் மிருகத்துக்கும் தனித்தனி வைத்தியம் ஏற்படுத்தியதை அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்திலே பொறித்தார். அதிற் பெயர் கூறப்பட்ட நாடுகளுள் சோழ பாண்டியரோடு கேரளபுத்திரரும் உண்டு. நாம் நிற்கும் மண்ணுக்கே எழுதப்பட்ட செய்தி அது.

நாய் என்றாலே அஞ்சும் அண்டைவீட்டாரைப் பழிக்காதீர். வெறிநோயின் குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. அவர்தம் அச்சம் நியாயமானது. கடிபட்டால் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும் என்று அவர்க்குச் சொல்லுங்கள். உங்கள் குட்டியின் ஊசிச் சீட்டையும் காட்டுங்கள். ஆயினும், கடித்தது ஒன்று, கொல்வது அனைத்தையும் என்பது நீதியன்று. குக்குர ஜாதகத்தில் தேர்வாரைக் கடித்தவை அரண்மனை நாய்களே. தண்டனை தெரு நாய்களுக்கு விதிக்கப்பட்டது. தெருநாய்களின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசன்முன் சென்று, மோரும் புல்லும் அரண்மனை நாய்களுக்கு ஊட்டச்செய்து, அவை தோலைக் கக்கும்படி செய்து உண்மையை விளக்கினார். விசாரியாமல் விதித்த தண்டனையை நாயே திருத்தியது என்பது அக்கதை.

இனி, ஒப்படைக்கும் முறை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடாதீர். பகலில் வீட்டில் யார் இருப்பார், மழையில் எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் சோறிடுவார் என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று. எங்கள் இரண்டாம் குட்டியைக் கேட்ட அம்மையார் மூன்று முறை வந்து, தம் கையாலேயே சோறிட்டுப் பழகிய பின்னரே கொடுத்தோம். அது படுத்த சாக்கைத் துவைக்காமல் உடன் அனுப்பினோம். பழகிய மணம் புதிய இடத்தில் துணையாகும். ஒத்துவராவிடில் எந்நேரமும் திருப்பிக் கொணரலாம் என்றும் சொல்லிவைத்தோம்.

அவர் திருப்பிக் கொணரவில்லை. ஒரு மாதம் கழித்து அவ்வழியே சென்றபோது, குட்டி ஓடிவந்து என் காலை மோந்தது. உள்ளிருந்து அம்மையார் ‘வா’ என்றார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அது அவரிடமே போயிற்று. வருந்தினேனா என்றால், வருந்தினேன். வீடு வந்து சேர்ந்தபோது, அடுத்த குட்டிக்காகப் பழைய சாக்கொன்றை என் மனைவி வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.