பிரசங்கத்தின் பாதி

மாற்கு பத்தாம் அதிகாரத்தில் செபெதேயுவின் பிள்ளைகள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, அவருடைய மகிமையில் வலப்பக்கம் ஒருவருக்கும் இடப்பக்கம் ஒருவருக்கும் இடம் கேட்கிறார்கள். சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கிற ஆண்டில் இந்தப் பகுதியை எடுத்துப் பிரசங்கிக்க எனக்குத் தைரியம் வராது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வேட்பாளர்கள்.

மார்ட்டின் லூதர் கிங், 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவில் தன் சொந்தச் சபையான எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் இதை எடுத்தார். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடக்கிற ஆளாக இருக்க நம் எல்லோருக்குமே ஆசை என்பதுதான் அதன் சரடு. சட்டகம் அவருடையது அல்ல; வாலஸ் ஹாமில்டன் என்ற வெள்ளைக்கார மெதடிஸ்ட் போதகர் முன்பே செய்த பிரசங்கம் ஒன்றிலிருந்து எடுத்தது. பிரசங்கியார்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான், நானும் செய்வேன். ஆனால் அதை அவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்குப் போகத்தான் எங்களில் யாருக்கும் கால் வராது.

முதலில் கார் விளம்பரங்களைப் பிடிக்கிறார். ஆண்டுக்கு 5000 டாலர் சம்பாதிக்கிறவன் 2500 டாலருக்கு மேல் காருக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆலயத்தில் நின்று கணக்குச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்பட வேண்டுமென்று வண்டி வாங்கிக் கடனில் மூழ்குகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார். அடுத்து, டாக்டர்களும் வக்கீல்களும் எங்கள் சபைக்கு வருகிறார்கள் என்று பெருமை பேசும் சபைகள். அதற்கடுத்து பர்மிங்ஹாம் சிறைச்சாலை. வெள்ளைக்காரக் காவலர்கள் அவரிடம் வந்து, இனப்பிரிவினை ஏன் சரி என்று வாதம் செய்கிறார்கள். பேச்சோடு பேச்சாக அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று கிங் விசாரிக்கிறார். கேட்டதும், நீங்களும் எங்களோடு ஊர்வலத்தில் வரவேண்டியவர்கள், எங்களைப் போலவே ஏழைகள் என்கிறார். தோல் வெள்ளை என்ற ஒரே நினைப்பில் தன்னைப் பெரியவனாக எண்ணிக்கொண்டு, வயிறு காய்ந்தாலும் முதலாளியின் பக்கம் நிற்கிறான் அந்தக் காவலன். கடைசியில் அதே ஆசை ஒரு தேசத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று வியட்நாமுக்கு வருகிறார். இந்தப் போக்கை விடாவிட்டால் தன் நாட்டின் முதுகெலும்பைத் தேவன் முறித்துப்போடுவார் என்கிறார். பலிபீடத்துப் பக்கம் நின்று சொன்னது இது.

முதல்வனாக இருக்கும் ஆசையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை. அன்பில் முதல்வனாக இரு, ஊழியம் செய். அதற்குப் பட்டம் வேண்டாம், படிப்பு வேண்டாம் என்பது அவர் காட்டும் வழி. கேட்க இனிமையான பகுதி. வெட்டி எடுக்கவும் வசதியானது. 2018 பிப்ரவரி 4 அன்று, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே ராம் டிரக் விளம்பரத்தில் அவர் குரலிலேயே அந்தப் பகுதி ஒலித்தது. அவருடைய பேச்சுகளின் உரிமையைக் கவனிக்கும் அமைப்பு அதற்கு அனுமதியும் கொடுத்திருந்தது. கார் விளம்பரத்தைத் திட்டிய பிரசங்கமே வண்டி விற்றது!

வாஷிங்டனில் கிங்குக்கு எழுப்பிய நினைவுச்சின்னமும் இதே பிரசங்கத்தில்தான் கைவைத்தது. என்னை முன்னால் நடந்தவன் என்று சொல்வதானால், நீதிக்காக நடந்தவன் என்று சொல்லுங்கள் என்று தன் அடக்க ஆராதனையை நினைத்துக் கேட்டுக்கொண்டார் கிங். 2011-இல் திறந்த சின்னத்தின் கல்லில் அந்தச் ‘சொல்வதானால்’ போய்விட்டது. தானே மார்தட்டிக்கொள்வது போல நின்றது வாசகம். கவிஞர் மாயா ஏஞ்சலோ கண்டித்தார். 2013-இல் அந்த வாசகத்தை அழித்தார்கள்.

கனவு கண்ட கிங் வேறு, கடைசி ஆண்டுகளில் தீவிரமாகிவிட்ட கிங் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வருங்கால மனைவி கொரெட்டாவுக்கு 1952-இல் எழுதிய கடிதத்திலேயே, பொருளாதாரக் கொள்கையில் தான் முதலாளித்துவத்தைவிட சோஷலிசத்தின் பக்கம் என்று எழுதியவர் அவர். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு ஆலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியபோது, நியூயார்க் டைம்ஸ் அதைத் தவறு என்று தலையங்கம் எழுதியது. குடிமை உரிமை இயக்கத் தோழர்களே ஒதுங்கினார்கள். உன் துறையில் நில் என்றார்கள். அவரோ ஊழியக்காரனாக நின்று பேசினார். ஒரு மனுஷன் நெஞ்சில் வலப்பக்க நாற்காலிக்கு ஏங்குகிற அதே ஆசைதான் குண்டுவீச்சு விமானம் வரை போகிறது என்றால், சுவிசேஷம் எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும்? அந்த எல்லையை யாராவது எனக்குக் காட்டினால் நல்லது.

எபனேசரில் பிரசங்கித்த அதே 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர்கள் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் குப்பை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் 18 அன்று அவர்கள் நடுவில் கிங் பேசியது லூக்கா பதினாறில் வரும் ஐசுவரியவானையும் லாசருவையும் பற்றி. பணம் இருந்ததால் அவன் நரகத்துக்குப் போகவில்லை, வாசலில் கிடந்தவனைத் தினமும் தாண்டிப் போயும் பார்க்காததால் போனான் என்றார். ஏப்ரல் 4 அன்று, சுடப்படுவதற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் தலைப்பை அட்லாண்டாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: அமெரிக்கா ஏன் நரகத்துக்குப் போகக்கூடும். ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை அவர் பெயரில் விடுமுறை விடும் நாட்டில், எல்லா ஆலயங்களிலும் அன்று பேச எடுக்கவேண்டிய தலைப்பு அதுதான். எங்கள் சபையிலும் எடுக்கலாம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு. கமிட்டித் தேர்தல் ஆண்டாக இருந்தாலும்.