பல் பொருந்தும் நேரம்

காஞ்சிபுரத்தில் குரங்கா பூனையா என்ற வழக்கு எழுநூறு வருஷமாக ஓடுகிறது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். அருள் கிடைக்க நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சங்கதி. வைணவத்தில் வடகலை குரங்கு, தென்கலை பூனை. 1268இல் சின்ன காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் ஒரு பக்கம். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் மறுபக்கம். நாளடைவில் அது நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று இறங்கி, வரதராஜர் கோயிலில் யார் பாடுவது என்று கோர்ட்டு ஏறியதெல்லாம் ஊரறிந்த கதை. நாங்கள் ஓரிக்கையில் தறி போடுகிறவர்கள், திருநீறு பூசுகிற வீடு. இந்தச் சண்டையில் எங்களுக்குப் பங்கில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டி கியர் வண்டி பழக ஆரம்பித்த பிறகு எனக்கும் இதில் ஒரு கட்சி உண்டாகிவிட்டது.

அதுவரை டிவிஎஸ் ஃபிஃப்டிதான். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. திருகினால் போகும், விட்டால் நிற்கும். பாவும் ஜரிகையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கும் காந்தி ரோட்டுக்கும் அதில்தான் அலைந்தேன். அக்கா மகன் மெக்கானிக். பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்து, “இதை ஓட்டுங்க மாமா, முதுகாவது பிழைக்கும்” என்றான். மகாபெரியவர் மணிமண்டபத்துப் பக்கம் வண்டி வாசி குறைந்த காலை நேரத்தில் பழக்கினான்.

எனக்குக் கால் வேலை புதிதில்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் நாள் முழுக்க மிதிதான். ஆனால் தறியின் மிதி நேர்மையானது: மிதித்தால் பாவு பிரியும், அரைகுறையாக மிதித்தால் அரைகுறையாகப் பிரியும். போட்ட பலத்துக்குப் பலன் அங்கேயே தெரியும். கியர் மிதி அப்படி இல்லை. வண்டி நின்றிருக்கும்போது கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியருக்கு முன்மிதியை அமுக்கினால், சில நேரம் கல்லை மிதித்த மாதிரி நிற்கும். நான் இன்னும் ஓங்கி மிதிப்பேன். “மிதிக்காதீங்க மாமா, கால் அங்கேயே இருக்கட்டும். கிளட்சை ஒரு நூல் விடுங்க” என்பான். விட்டால் டக்கென்று விழும்.

ஒருநாள் ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்த ஒரு கியர்பாக்ஸைக் காட்டினான். நான் நினைத்திருந்தது போல ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தைத் தேடிப்போய்க் கடிப்பதில்லை. எல்லா ஜோடிகளும் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியேதான் இருக்கின்றன. மிதி, வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உருளையைத் திருப்புகிறது. பள்ளத்தில் ஓடும் கவை ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அதன் விலாவில் துருத்தியிருக்கும் முரட்டுப் பல் பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். வண்டியும் நின்று, கிளட்சும் பிடித்திருந்தால் உள்ளே இரண்டு தண்டும் அசைவற்று நிற்கும். அப்போது பல்லுக்கு நேரே பள்ளம் இல்லாமல் இன்னொரு பல் இருந்தால் யானையே மிதித்தாலும் இறங்காது. கிளட்சைத் துளி விட்டால் தண்டு துளி சுற்றுகிறது, பள்ளம் எதிரே வருகிறது. வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டினாலும் இதுவேதான் நடக்கிறது.

அப்படியென்றால் கியரைப் போட்டது யார்? என் கால் என்று சொல்ல முடியாது. அது முன்பே அங்கே அமுக்கிக்கொண்டுதானே இருந்தது. கால் தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது; எடுத்துவிட்டால் வண்டி நியூட்ரலில் நின்று உறுமும், அவ்வளவுதான். தேசிகர் கட்சி இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது: வியாஜம். நம் சரணாகதி அருளுக்குக் காரணம் ஆகாது, அருள்கிறவனுக்கு அது ஒரு சாக்கு, ஆனால் அந்தச் சாக்கு இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். என் கால் அந்தச் சாக்கு. குரங்கு உவமைதான் அவர்களுக்குச் செய்த அநியாயம் என்று எனக்குப் படுகிறது. குரங்குக் குட்டி பிடியை விட்டால் செத்தது. இங்கே பிடியைக் கொஞ்சம் விட்டால்தான் நடக்கிறது.

ஓடும் வண்டியில் எங்கள் சைவம் பேசுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கியபடி கியர் மாற்றினால் இடிக்கும். முறுக்கைத் தளர்த்தி, உள்ளே சுற்றும் இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகும்போது மாற்றினால் விழுந்ததே தெரியாது. இருவினையொப்பு வந்து, மலம் என்கிற உள்ளழுக்கு பக்குவப்பட்டால் சிவனருளான சத்தி பதியும் என்பது சித்தாந்தம். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றாகவே பார்க்கிற நிலைதான் இருவினையொப்பு. தேவாரம் ஓதுகிற வீட்டில் பிறந்தும், அதை எனக்குப் புரியவைக்க நான்கு கியர் ஸ்ப்ளெண்டர் வேண்டியிருந்தது.

ஓரிக்கைக்காரனுக்கு இன்னொரு கதையும் உண்டு. பல்லவ ராஜா தன்னைப் பாடச் சொல்லி, திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன் மறுத்ததால் அவனை நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பி, பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். மூவரும் ஒரு ராத்திரி தங்கியது எங்கள் ஊரில். ராஜா வந்து மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றும் வழக்கத்துக்கு மாறான பக்கம் தலைவைத்துத்தான் படுத்திருக்கிறார். (பழைய புல்லட்டுக்கும் கியர் மறுபக்கம், வலது காலில்.) ஆழ்வார் அழவும் இல்லை, தொங்கவும் இல்லை, சும்மாவும் கிடக்கவில்லை. வா என்றார், பெருமாள் வந்தார்.

இதையெல்லாம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற தென்கலைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “முதலியாரே, சங்கிலி அறுத்துட்டு ஓடறவன் வண்டியிலயும் கியர் விழறதோன்னோ?” என்றார்.

“விழுது சாமி. இயந்திரத்துக்கு ஏது தர்மம்? உவமையில் அதுதான் ஓட்டை.”

“ஓட்டையாவது! அதுதான் எங்க பிள்ளை லோகாசாரியர் சொன்னது. யோக்யதை பார்த்து வந்தா அது கூலி. குற்றத்தையும் சேர்த்து எடுத்துக்கறதுதான் கிருபை.”

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. எல்லோருக்கும் விழும் என்றால் நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் பழக வேண்டும் என்று அக்கா மகனிடமே கேட்டேன். அவனுக்கு வடகலையும் தெரியாது, தென்கலையும் தெரியாது. கழற்றிப் போட்ட சக்கரம் ஒன்றை எண்ணெயோடு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். உதைத்து உதைத்தே ஓட்டியவருடைய வண்டியாம். பல்லின் விளிம்பு நாலும் மழுங்கி உருண்டிருந்தன. “கியர் விழும் மாமா, அதில் குறையில்லை. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துடும்” என்றான்.