சாபமும் கடனும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது கல்லாறு. உருண்ட பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. அதை அடுத்த காட்டில் வாழ்ந்து பச்சிலை மருத்துவத்தால் புகழ்பெற்றவர் காணிப் பழங்குடியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார். மருத்துவ அறிவு அவருக்குத் தாய்வழியாக வந்தது. ஏறக்குறைய 500 மருந்துகளின் செய்முறையை நினைவிலேயே வைத்திருப்பவர் என்பர். குறிப்பாக, விஷக்கடிக்கு மருந்து நாடி அவரிடம் மக்கள் சென்றனர். 1995-இல் கேரள அரசு அவருக்கு 'நாட்டு வைத்திய ரத்னா' விருது அளித்தது. 2018-இல் பாரத அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் 'வனமுத்தச்சி', அதாவது காட்டுப் பாட்டி.

காட்டின் நடுவே ஒரு வீடு. வேரும் இலையும் அறிந்த ஒரு முதிய பெண். நஞ்சைப் பற்றிய ஞானம். கல்லாற்றில் இவை வணக்கத்திற்கு உரியவையாயின. வேறு சில இடங்களில் இவையே ஒரு பெண்ணைக் கொல்வதற்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

சூனியக்காரி என்னும் சொல்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சராய்கேலா பகுதியைச் சேர்ந்தவர் சுட்னி தேவி. 1995-இல் அக்கம்பக்கத்தில் ஒரு பெண் நோயுற்றபோது, அதற்குக் காரணம் சுட்னி தேவியே என்று பழி எழுந்தது. பஞ்சாயத்து கூடி 500 ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைக் கட்டிய பிறகும் கொடுமை ஓயவில்லை. குழந்தைகளுடன் ஊரை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. பின்னாளில், தம்மைப் போலப் பழி சுமத்தப்பட்ட பெண்கள் பலரைக் காப்பாற்றினார்.

அஸ்ஸாமின் கோல்பாரா மாவட்டத்தில் வாழ்ந்த பீருபாலா ராபாவின் மகன் ஒருமுறை நோயில் விழுந்தான். மந்திரவாதி ஒருவர், இவன் மூன்று நாளில் இறப்பான் என்று கெடு சொன்னார். மூன்று நாட்கள் கடந்தன. மகன் உயிரோடிருந்தான். மந்திரவாதியின் சொல் பொய்யானால், அதே போன்ற சொல்லை நம்பி ஊரார் வேட்டையாடும் பெண்களின் குற்றமும் பொய்தானே என்று அந்தத் தாய் சிந்தித்தார். அன்று தொடங்கிய பணியை 2024-இல் மறையும் வரை அவர் விடவில்லை. அஸ்ஸாம் சட்டமன்றம் 2015-இல் சூனிய வேட்டைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியதில் அவரது உழைப்புக்கும் பங்குண்டு. சுட்னி தேவி, பீருபாலா ராபா இருவரும் 2021-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதைப் பெற்றனர்.

ஆயினும் இக்கொடுமை நின்றுவிடவில்லை. 2000-க்கும் 2016-க்கும் இடையே இக்காரணத்திற்காக நம் நாட்டில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் பலர் விதவைகள். சிலருக்குச் சிறிது நிலம் இருந்தது. பழியின் பின்னே அந்த நிலத்தின் மீதான ஆசை மறைந்திருப்பதும் உண்டு.

சாபம் பலிக்குமா?

இங்கே ஒரு பழைய கேள்வி எழுகிறது. குற்றமற்ற ஒருத்தியை ஊர் கூடிக் கொன்றது. சாகும்போது அவள் சாபமிட்டாள். அது கொன்றவனின் பரம்பரையைத் தொடரும் என்று பல நாட்டுக் கதைகளும் கூறுகின்றன. இதை எவ்வாறு புரிந்துகொள்வது?

அமெரிக்காவின் சேலம் பகுதியில் 1692-இல் நடந்த சூனிய விசாரணைகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 80 வயதைக் கடந்த ஒரு முதியவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அந்த விசாரணைகளில் நீதிபதியாக இருந்த ஜான் ஹாதார்னின் வழித்தோன்றல் நதானியேல் ஹாதார்ன் என்னும் எழுத்தாளர். அவர் 1851-இல் ஒரு நாவல் வெளியிட்டார். செல்வாக்கு மிக்க ஒருவர் ஓர் ஏழையின் நிலத்தை விரும்புகிறார். ஏழை சூனியக்காரன் என்று தூக்கிலிடப்படுகிறான். தூக்குமேடையில் நின்று சாபமிடுகிறான். அந்த நிலத்தில் கட்டிய மாளிகையில், விருந்து நாளன்றே செல்வந்தர் இறந்து கிடக்கிறார். தலைமுறைகள்தோறும் துன்பம் தொடர்கிறது.

இத்தகைய கதைகளைக் கேட்கும்போது நம் மனம் சாபமிட்டவன் பக்கம் நிற்கிறது. ஆனால் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தூக்கிலிடப்பட்டவனின் சொல் மந்திரம்போல் பலித்தது என்று நம்பினால், அவன் மந்திரவாதிதான் என்று நாமும் ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறோம். நீதிபதி சொன்னதைத்தான் நாமும் சொல்கிறோம். அந்த ஏழைக்கு எந்த மாயசக்தியும் இல்லை; அதனால்தான் அவன் தூக்குமேடையில் நின்றான். இருந்திருந்தால் கயிற்றை அறுத்திருக்கமாட்டானா?

அப்படியானால் சாபம் என்பதே வெறும் கற்பனையா? அவ்வாறும் கூறிவிட முடியாது. ஏழையின் கண்ணீரைச் செல்வத்தைத் தேய்க்கும் ஆயுதமாகத் திருவள்ளுவர் கண்டது, அதில் மாயம் இருப்பதாக எண்ணியதால் அன்று.

பாவம் வேறு, கடன் வேறு

வினையின் பயனைச் செய்தவனே நுகர வேண்டும் என்பது நமது சாஸ்திரங்களின் துணிபு. பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் கொலைகாரன் ஆவதில்லை. அவன் மீது பழி சுமத்துவது இன்னொரு சூனிய வேட்டையாகவே முடியும். ஆனால் நம் நாட்டில் வேறொரு நியாயமும் உண்டு: தந்தையின் சொத்தை ஏற்பவன் அவரது கடனையும் ஏற்க வேண்டும். பறித்த நிலத்தில் விளைந்த நெல்லை உண்டுகொண்டே, பறித்தவர் பாட்டன்தான் என்று கூறி ஒதுங்க முடியாது. பாவம் பரம்பரையாக வருவதில்லை, கடன் வருகிறது.

அதோடு மற்றொன்றும் வருகிறது. அநீதியை மறைத்த வீட்டில் உண்மை பேசுவது அபாயம். சில பெயர்களைக் குழந்தைகள் முன் யாரும் உச்சரிக்கமாட்டார்கள். காரணம் தெரியாமலே குழந்தைகள் அஞ்சக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த அச்சத்தையே பிற்காலத்தவர் குடும்ப சாபம் என்று பெயரிட்டு, சோதிடரிடம் பரிகாரம் கேட்கின்றனர். சாமியை வேண்டிக்கொள்வதோடு, பறித்ததைத் திருப்பித் தருவதும் பரிகாரத்தில் சேரும் என்பது மட்டும் மறந்துபோகிறது.

நீலியின் கதையைத் தமிழகம் மறக்கவில்லை. நம்பியவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் பழிதீர்க்க வருகிறாள். வணிகனாகப் பிறந்திருந்த அவன் அவளைக் கண்டு அஞ்ச, உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் வாக்களிக்கிறார்கள். வணிகன் கொல்லப்பட்டதும் வாக்கு தவறாமல் எழுபது பேரும் தீப்புகுந்தனர். அவர்களுள் எவரும் அவளைக் கொன்றவர் அல்லர். ஆயினும் கொடுத்த வாக்கைத் தங்கள் கடனாகவே ஏற்றனர். கல்லாற்றுக்குத் தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அந்த நீலி இசக்கியாக வழிபடப்படுகிறாள். அநீதி இழைக்கப்பட்டவளை ஊர் அஞ்சி ஒதுக்காமல், அவள் கதையை ஆண்டுதோறும் உரக்கப் பாடுகிறது. அதுவும் ஒருவகை ஒப்புதலே.

எழுந்து நின்ற நீதிபதி

சேலம் நீதிபதிகளுள் ஒருவர் சாமுவேல் சூவல். 1697-இல் பொது நோன்பு நாளன்று தேவாலயத்தில், தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் போதகர் வாசிக்க, மக்கள் முன் அவர் எழுந்து நின்றார். ஜான் ஹாதார்ன் அவ்வாறு நிற்கவில்லை. அவர் விட்டுச்சென்ற சுமை ஐந்தாம் தலைமுறையில் வந்த எழுத்தாளரின் பேனாவில் இறங்கியது.

அந்த விசாரணைகளில் தண்டனை விதிக்கப்பட்டு, பெயர் நீக்கப்படாமல் எஞ்சியிருந்த ஒரு பெண்மணிக்கு நேரடி வாரிசுகள் இல்லை. அவருக்காகக் கேட்பார் யாருமில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவருக்காக முயன்றனர். 2022-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அந்தக் குழந்தைகள் பாவம் செய்தவர்களும் அல்லர், பாவிகளின் பேரர்கள் என்று தங்களைக் கருதியவர்களும் அல்லர். ஆயினும் 330 ஆண்டுப் பழைய கடனை அவர்கள் தம்முடையதாக ஏற்றுத் தீர்த்தனர். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காண்பது என்பதற்கு நடைமுறையில் இதைவிட எளிய விளக்கம் ஏது?

கல்லாற்றில் ஒரு தாய் தன் மகளுக்கு மருந்தைக் கற்பித்தாள். மகள் அதைத் தன்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் அளித்தாள். எல்லா வீடுகளிலும் ஏதோ ஒன்று தலைமுறைகளுக்குக் கைமாறுகிறது. நம் வீட்டில் கைமாறுவது என்ன என்பதையும், அதில் எவருடைய கண்ணீராவது கலந்திருக்கிறதா என்பதையும் நாம் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்பவனுக்குத் திருப்பித் தர இன்னும் காலம் இருக்கிறது.