பாட்டில் பவுச்சும் பாதயாத்திரையும்: யாருக்காகத் தண்ணி சுமக்கிறோம்?



தைப்பூசத்துக்கு மாலை போட்டதும் எல்லா பாதயாத்திரை குரூப்லயும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ப்ரோ, தண்ணி பாட்டில் மாட்டிக்க நல்ல பவுச் எது? லிங்க் இருந்தா போடுங்க." உடனே பத்து லிங்க் வந்து விழும். மலையேறப் போறவங்க வாங்குறது, ராணுவப் பச்சையில ஏகப்பட்ட பட்டை வெச்சது, ஸ்கூல் பிள்ளைங்க கழுத்துல தொங்குறது, எல்லாமே வரும். அப்போ வயசுல மூத்த சாமி ஒருத்தர் ஒரே ஒரு வரி போடுவார்: "வழி நெடுக தண்ணீர்ப் பந்தல் இருக்கு. முருகன் பாத்துப்பான். பாட்டில் எதுக்கு?" அதோட குரூப் அமைதியாயிடும்.

இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவுல ஒரு நிஜமான கேள்வி இருக்கு. தண்ணி கிடைக்கும்னு தெரிஞ்ச வழியில சொந்தத் தண்ணியைச் சுமந்துட்டுப் போறது முன்யோசனையா, நம்பிக்கைக் குறைவா? இல்ல, யார் கொடுக்குறதையும் வாங்க மாட்டேன்னு சொல்ற ஒரு வகைக் கர்வமா? எந்த பவுச் வாங்கலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும். ஏன்னா, இதுக்கு நாம சொல்ற பதிலைப் பொறுத்து வாங்க வேண்டிய பவுச்சே மாறிடுது.

நான் சாஃப்ட்வேர் ஆளு. கணக்குலேர்ந்துதான் ஆரம்பிப்பேன், பொறுத்துக்கோங்க.

திண்டுக்கல்லேர்ந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். ஒரு எட்டு 75 செ.மீ.னு வெச்சா 80,000 எட்டு. பாட்டில் தளர்வாத் தொங்கி, ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்புல லேசா ஒரு தட்டு தட்டுனா மொத்தம் 80,000 தட்டு. கடையில மாட்டிப் பாக்கும்போது ஒண்ணுமே தெரியாத பவுச், ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள இடுப்பெலும்புல சிவப்பு வட்டம் போட்டுடும். அதனால முதல்ல பாக்க வேண்டியது ஆட்டம். ஸ்ட்ராப்பை ஒரு தோள்லேர்ந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்கா போட்டு, பாட்டில் உடம்போட ஒட்டி நிக்குற மாதிரி நீளத்தைக் குறைக்க முடியுதான்னு பாருங்க. தொடைக்குக் கீழ இறங்கினா கண்டிப்பா ஆடும்.

அடுத்தது எடை. 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. சாதா ஸ்டீல் பாட்டில்னா அதோட கால் கிலோ பக்கம் சேரும். சூடு காக்குற ரெண்டு சுவர் ஃபிளாஸ்க்னா அரை கிலோவை நெருங்கும். அதே எடையை மெல்லிசான கயிறு தாங்குனா தோளை அறுக்கும், அகலமான பட்டை தாங்குனா பரவி உக்காரும். பத்தாங்கிளாஸ்ல படிச்ச அழுத்தம், பரப்பளவு பாடம்தான் இது. ரெண்டு விரல் அகலம் இருக்குற பட்டையா எடுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தோள் மாத்துங்க.

துணியைப் பொறுத்தவரை ரெண்டு வழி இருக்கு. நியோபிரீன்னு ஒரு ரப்பர் நுரைத் துணி, கடல்ல முங்குறவங்க உடுப்பு தைக்கிறது. அது வெளிச்சூட்டை உள்ள விடாது, இழுத்தா நீளும், பாட்டிலை இறுக்கமாப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு நம்ம பழைய வழி. கெட்டியான பருத்தித் துணியில உறை தெச்சு, நனைச்சு விடுறது. ஈரம் காய்ஞ்சு ஆவியாகும்போது உள்ள இருக்குற சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். மண்பானைத் தண்ணி குளிர்றதுக்கும் இதேதான் காரணம். பழைய ஜீன்ஸ் கால் ஒண்ணை எடுத்துட்டுப் போனா தெருமுனை டெய்லர் தெச்சுக் கொடுத்துடுவார். எதை வாங்கினாலும் அடியில தண்ணி வடிய ஒரு ஓட்டை இருக்கணும். ராத்திரி நடக்குறவங்களுக்குப் பின்பக்கம் ஒளி பட்டா மின்னுற பட்டை கட்டாயம் வேணும். பவுச்ல அது இல்லைன்னா ஸ்டிக்கராவது ஒட்டிக்கோங்க. இருட்டுல ரோட்டோரம் நடந்து போறவங்க மேல வண்டி மோதுன செய்தி சீசனுக்கு சீசன் வந்துட்டுதான் இருக்கு.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் நம்ம உடம்புக்கான கணக்கு. இதோட நிறுத்திட்டா நல்ல பவுச் கிடைச்சுடும். ஆனா அந்தப் பெரிய சாமி போட்ட ஒரு வரிக்கு இதுல பதில் இல்ல.

அவர் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. பந்தல் போட்டுத் தண்ணியும் மோரும் கொடுக்குறவங்களும் யாத்திரையில இருக்குறவங்கதான். நாம நடந்து கும்பிடுறோம், அவங்க நின்னு கும்பிடுறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சின்னப் பையன் டம்ளரை நீட்டி, "சாமி, குடிச்சுட்டுப் போங்க சாமி"ன்னு கெஞ்சுவான். நாம பாட்டிலைத் தட்டிக் காமிச்சு "இருக்கு தம்பி"ன்னு தாண்டிப் போனா, அவன் முகம் வாடுறதைப் பாத்திருப்பீங்க. யார்கிட்டயும் எதுவும் வாங்காம இருக்குறதுதான் சுயமரியாதைன்னு நம்ம தலைமுறைக்குச் சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. ஆபீஸ்ல அது சரியா இருக்கலாம். பாதயாத்திரையில, கையை நீட்டி வாங்கப் பழகுறதும் விரதத்துல ஒரு பகுதிதான்.

அதுக்காக பாட்டிலே வேணாம்னு ஆயிடுமா? ஆகாது. பந்தல்ல தண்ணி வாங்க நமக்கு ஒரு பாத்திரம் வேணும். நாம பாத்திரம் கொண்டு போகலைன்னா அவங்கதான் கப் தரணும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேர்ந்து தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப் எல்லாத்துக்கும் தடை. இருந்தும் பூசம் முடிஞ்ச மறுநாள் அந்த ரோட்டோரம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். நாம குடிச்ச புண்ணியம் பந்தல்காரருக்கு, நாம போட்ட குப்பை அந்த ஊருக்காரங்களுக்குன்னு ஆகுது. பாட்டிலை நீட்டி "இதுல ஊத்துங்க சாமி"ன்னா, கொடுக்குறவர் மனசும் நிறையும், ரோடும் சுத்தமா இருக்கும். அப்போ அந்தப் பாட்டில் கர்வம் ஆகாது. அதுவும் ஏந்துற கைதான்.

'பாத்திரம்'ங்கிற சொல்லுக்குத் தமிழ்ல ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு ஏனம். இன்னொண்ணு, ஒண்ணைப் பெறத் தகுதியான ஆள். "அருளுக்குப் பாத்திரமானவர்"னு சொல்றோம்ல, அது. பாட்டில் வாங்கும்போது இந்த ரெண்டாவது பொருளையும் நினைச்சுக்கலாம்.

இனி கேள்வியோட மறுபாதி. வாங்கிக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா? நாம எடுத்துட்டுப் போற பாத்திரம் கொடுக்கவும் உதவணும்ல?

போன வருஷம் ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு இடம். காலை 11 மணி இருக்கும். பந்தல் எதுவும் கண்ணுக்கெட்டுன தூரம் வரை இல்ல. ஒரு புளியமரத்தடியில வயசான அம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. எந்தக் குழுவோடயும் வரல, தனியா, ஒரு மஞ்சப்பையோட. கண்ணு சொருகுற மாதிரி இருந்துச்சு. நாங்க மூணு பேர் நின்னோம். எங்கள்ல ஒருத்தன் முதுகுப்பைக்குள்ள ரப்பர் பை வெச்சு, குழாய் வழியா உறிஞ்சிக் குடிக்கிற ரகம் வெச்சிருந்தான். நடந்துட்டே குடிக்க அதை மாதிரி வசதி கிடையாது. ஆனா அந்தக் குழாயை இன்னொருத்தர் வாயில வைக்க முடியாதே. முதுகுப்பையைக் கழட்டி, ஜிப்பைத் திறந்து, உள்பையை வெளிய எடுத்துத்தான் ஊத்தணும். அவன் பக்கிளைத் தேடுறதுக்குள்ள, இன்னொருத்தன் இடுப்புப் பவுச்லேர்ந்து ஸ்டீல் பாட்டிலை உருவி மூடியைத் திறந்து நீட்டிட்டான்.

அந்த அம்மா பாட்டிலைத் தொடல. ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சு, "கையில ஊத்துங்க சாமி"ன்னாங்க.

ஏன்னு நாங்க கேக்கல. பழக்கமா இருக்கலாம், நம்ம பாட்டில் எச்சிலாயிடக் கூடாதுங்கிற கூச்சமா இருக்கலாம். ஆனா டீக்கடையில ஆளுக்குத் தகுந்த மாதிரி ரெண்டு வகை டம்ளர் வெச்சிருந்த மண்ணு இது. குவளை தராம, குவிச்ச கையில மேலேர்ந்து தண்ணி ஊத்துன மண்ணும் இதுதான். அதனால அந்தக் குவிஞ்ச கையைப் பாத்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுது. என் நண்பன் எதையும் யோசிக்காம அவங்க கையிலயே பாட்டிலைத் திணிச்சு, "பாட்டில்லயே குடிங்கம்மா"ன்னான். அவங்க கொஞ்சம் தயங்கி, அண்ணாந்து குடிச்சு, உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தி முகத்தைத் துடைச்சுட்டு, "போதும் சாமி, வழிக்கு உங்களுக்கு வேணும்"னு திருப்பிக் கொடுத்தாங்க. அவன் அதே பாட்டில்லேர்ந்து ஒரு மடக்கு குடிச்சுட்டு மூடுனான்.

மாலை போட்டா எல்லாரையும் 'சாமி'ன்னு கூப்பிடுறோம். பேரு, ஊரு, வேலை, சாதி எதுவும் கேக்காத அழைப்பு அது. அந்த அழைப்பு நெஜமா வெறும் வாய்வார்த்தையான்னு தண்ணி பாட்டில்தான் காட்டிக் கொடுக்கும். நம்ம தண்ணியை நம்ம பாத்திரத்தோட சேத்து இன்னொரு சாமி கையில கொடுக்க முடியுதா? அங்கதான் 'சாமி'ங்கிற சொல்லுக்கு அர்த்தம் வருது.

இப்போ இடும்பனை நினைச்சுப் பாருங்க. சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையை ஒரே தடியில கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தவன். காவுதல்னா தோள்ல சுமக்குறதுன்னு அகராதி சொல்லும். காவடியும் ஒரு சுமை தூக்குற கருவிதான். ரெண்டு பக்கமும் சம எடை, நடுவுல ஒரு தோள். ஆனா அவன் தூக்குனது தனக்காக இல்ல, அகத்தியருக்காக. பழனியில அவன் மலையை இறக்கி வெச்சான், திரும்பத் தூக்க முடியல, முருகனோட மோதினான், விழுந்தான், அருள் பெற்று எழுந்தான். இன்னைக்கும் படியேறும் வழியில அவனுக்குச் சன்னதி இருக்கு. தனக்கு மட்டும்னு தூக்குனா அது மூட்டை. இன்னொருத்தருக்காகவும் சேத்துத் தூக்குனா ஒரு பாட்டில் தண்ணியும் காவடிதான்னு எனக்குத் தோணுது.

அப்போ எவ்வளவு தூக்கணும்? எல்லாருக்கும் நானே கொடுப்பேன்னு அஞ்சு லிட்டர் தூக்குனா, பத்தாவது கிலோமீட்டர்ல நம்மளையே யாராவது தூக்க வேண்டியிருக்கும். நான் வெச்சிருக்குற அளவு இது: அடுத்த பந்தல் வரைக்கும் எனக்கு வேண்டியது, அதோட இன்னொருத்தருக்கு நாலு மடக்கு. பூச நெரிசல்ல பந்தல் அடிக்கடி வரும், அரை லிட்டர் போதும். மார்கழியிலயே நடக்குறவங்களுக்குப் பந்தல் குறைவு, 1 லிட்டர் வேணும். பந்தல்ல டிரம் அடிமட்டத்துல இருந்தா பாட்டிலை வழிய வழிய நிரப்பாதீங்க, பின்னாடி வர்றவங்க இருக்காங்க.

இந்த முடிவோட பவுச் தேடினா தேர்வு சுலபமாயிடும். பாட்டில் வாய் அகலமா இருக்கட்டும். அண்ணாந்து குடிக்கலாம், பந்தல்ல சிந்தாம ஊத்தி வாங்கலாம். உறிஞ்சுகுழாய் வேணாம். பவுச் முன்பக்கமோ பக்கவாட்டிலோ, ஒரே கையில உருவுற இடத்துல இருக்கட்டும். மேல மூடி, ஜிப், ரெண்டு பக்கிள்னு பூட்டி வைக்க அதுல நகை இல்ல. சுருக்குக் கயிறு ஒண்ணு போதும். பின்பக்கம் மின்னுற பட்டை, அடியில ஓட்டை, ரெண்டு விரல் அகலப் பட்டை. இவ்வளவுதான். விலை 200 ரூபாயா 1,500 ரூபாயாங்கிறது உங்க பர்ஸ் விஷயம். ஜீன்ஸ் துணியில தெச்சதும் இந்த எல்லாத்தையும் செய்யும்.

இன்னொண்ணு. யாராவது மயக்கமா, பேச்சுக் குழறுற மாதிரி இருந்தா தண்ணி கொடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. நினைவு தப்பியிருந்தா வாயில தண்ணி ஊத்தவும் கூடாது. நிழலுக்குக் கொண்டு போய் 108க்குக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரை கூட இருங்க.

அந்தப் பெரிய சாமி சொன்னது சரிதான், முருகன் பாத்துப்பான். எப்படிப் பாத்துப்பான்கிறதுதான் விஷயம். பந்தல்ல நிக்குற பையன் கையால நம்மளைப் பாத்துக்குறான். பந்தல் இல்லாத இடத்துல, புளியமரத்தடியில, யார் கையால பாத்துக்கப் போறான்? நம்ம கை அங்க இருக்குது. பாட்டில் அந்தக் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

நல்லபடியா நடந்து வாங்க சாமிகளா. வேலும் மயிலும் துணை!